‘தடுக்கும்’ என்னும் வினைமுற்று

எலுமிச்சம்பழம் புற்றுநோயைக் கொல்லும். மருத்துவமனையில் ஏற்றும் மருந்தினும் அது பதினாயிரம் மடங்கு வலியது என்றொரு செய்தி பல ஆண்டுகளாகக் கைத்தொலைபேசி வழியே உலகெங்கும் உலாவி வருகின்றது. ஆங்கிலத்திற் பிறந்த அச்செய்தி தமிழிலும் புகுந்து யாழ்ப்பாணத்து இல்லங்களிலும் வாசிக்கப்படுகின்றது. வெறுஞ்செய்தியை நம்புவார் இலர் எனக் கருதியோ, அதனோடு ஓர் ஆய்வு முடிபையும் ஒட்டி அனுப்புவார் உளர். “நாரத்தை இனப் பழங்களிலுள்ள இயற்கைப் பொருள்கள் குருதிக்குழாய்களின் வளர்ச்சியைத் தடுக்கும்” என்பது அம்முடிபு.

முன்னது பொய். பின்னது பொய்யன்று, ஆயினும் அதனை மெய்யென்று கொள்ளவும் இயலாது. வினைமுற்றைக் கொண்டு முடிந்தபோதிலும் பொருள் முற்றாத வாக்கியம் அது. இலக்கணம் கற்பிப்போர் மருத்துவத்துள் தலையிடுதல் தகுமோ என வினவுவார்க்கு, இவ்விடத்து நோயிற் பாதி மொழியின்கண் உள்ளதாகலின் தகும் என்பதே நமது விடை.

முதற்கண் பழங்களை நோக்குவாம். நாம் தேசிக்காய் என்பதைத் தமிழகத்தார் எலுமிச்சை என்பர். நாம் தோடம்பழம் என்பதை அவர் ஆரஞ்சு என்பர். இவையும் நாரத்தையும் பம்பளிமாசும் ஒரே குடும்பத்தன. இக்குடும்பத்துப் பழங்களுக்குக் கைப்பும் நிறமும் மணமும் தரும் பொருள்களுள் ஒரு சாரன பிளவனொயிட்டுகள் எனப்படும். அவற்றுள் எசுப்பெரிடின் என்பதனை 1828ஆம் ஆண்டில் இலெபிரெத்தோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் தோடம்பழத் தோலின் உட்புறத்து வெண்பகுதியினின்றும் பிரித்தெடுத்தார். கிரேக்கர் கதையிற் பொற்கனிகளைக் காத்துநின்ற நங்கையரின் பெயரே அதற்கு இடப்பட்டது. மற்றொன்றாகிய நாரிஞ்சின் 1857இல் யாவாத் தீவில் டெ வ்ரீ என்னும் ஒல்லாந்தராற் பம்பளிமாசு இனத்து மலர்களிற் கண்டறியப்பட்டது. நாரிஞ்சின் என்னும் பெயர் வடமொழி ‘நாரங்க’ என்பதன் வழி வந்தது. அவ்வடசொல்லோ திராவிட மூலத்தது என மொழிநூலார் பலர் கொள்வர். நம் நாரத்தை அதன் உறவு. பாரசீகத்து நாரங்கும், அரபியின் நாரஞ்சும், ஐரோப்பியரின் ஓரஞ்சும் அவ்வழியே சென்றவையாம். குறிஞ்சிப்பாட்டின் பூவரிசையில் வரும் நரந்தத்தை நாரத்தம்பூ எனக் கொள்வாரும் உளர். நறும்புல் எனக் கொள்வாரும் உளர். ஆய்வுகூடத்துக் குப்பியின்மேல் ஒட்டப்பட்ட பெயரில் நம் மொழியின் வேர் இருப்பது மகிழ்தற்குரியதே. ஆயின், பெயர் நம்முடையதாதல் பற்றிக் குப்பியிலுள்ள பொருளைப் பற்றி நாம் விரும்பியவாறெல்லாம் பேசலாகாது.

இனிக் குருதிக்குழாய். இலங்கைப் பாடநூல்கள் உயிரின் நுண்ணிய அலகினைக் கலம் என்றும், குருதி ஓடும் குழாயினைக் குருதிக்கலன் என்றும் வழங்குகின்றன. நிலம் நிலன் எனவும், கலம் கலன் எனவும் ஈற்று மகரம் னகரமாகத் திரிதலைக் கடைப்போலி என்பர் இலக்கண நூலார். இலக்கணத்தின்படி ஒன்றாகிய இரண்டும் உயிரியலிற் பெரிதும் வேறாகின்றன. மாணவன் ஒருவன் ஓரெழுத்துப் பிறழ எழுதினும் இலக்கண ஆசிரியர் பிழையெனக் கோடிடார். உயிரியல் ஆசிரியரோ மதிப்பெண்ணைக் குறைப்பார். ஆகலின் இக்கட்டுரையிற் குழாயைக் குழாய் என்றே குறிப்பாம்.

வளர்ந்த மனிதர் உடலிற் புதிய குருதிக்குழாய்கள் பெரும்பாலும் தோன்றுவதில்லை. புண் ஆறும்போது தோன்றும். கருப்பையின் உட்சுவரில் திங்கள்தோறும் தோன்றும். கருவுற்ற காலத்து நச்சுக்கொடியிற் பெருகும். உடலுழைப்பு மிகுந்தவரின் தசைகளிலும் வளரும். இவையெல்லாம் நன்மைக்கே. நீரிழிவு முற்றியவரின் விழித்திரையில் தோன்றுங்காலோ அவை கசிந்து பார்வையைக் கெடுக்கும். புற்றுக்கட்டியும் இவ்வாற்றலையே களவாடிக் கொள்கின்றது. புதிய குழாய்களைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளாத கட்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவிற்குமேல் வளர்தல் அரிது என்னும் கருத்தினை அமெரிக்க அறுவை மருத்துவர் யூதா போக்மன் 1971இல் வெளியிட்டார். பலர் அதனை முதலில் ஏற்றாரல்லர். 1989இற் குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதமொன்று பிரித்தறியப்பட்டது. அப்புரதத்தைக் கட்டுப்படுத்தும் பெவசிசுமாப் என்னும் மருந்து 2004இல் அமெரிக்காவிற் குடற்புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. அம்மருந்தினால் குருதியழுத்தம் உயரலாம், குருதி கசியலாம், புண் ஆறுவது தாமதப்படலாம். அதனால் அறுவைச் சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்னரே அதனை நிறுத்துவர். குழாய் வளர்ச்சியைத் தடுத்தல் யாண்டும் நன்மையன்று என்பது இதனாற் பெறப்படும்.

நாரத்தை இனப் பொருள்களைப் பற்றிய ஆய்வுகளும் இவ்வழியே எழுந்தன. மகப்பேற்றின்பின் கொப்பூழ்க்கொடி நாளத்தினின்றும் எடுக்கப்பட்ட கலங்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவை குழாய்போல ஒன்றுகூடுவதை இப்பொருள்கள் குறைக்கின்றனவா என்று பார்ப்பர். நாரிஞ்செனின், எசுப்பெரெற்றின் முதலியன அவ்வாறு குறைப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. தோடையினத்துப் பழத்தோலிலுள்ள நொபிலெற்றின் என்னும் பொருள் வரிக்குதிரைமீனின் கருவிற் குழாய் வளர்ச்சியைக் குறைத்தமை 2011இல் வெளியிடப்பட்டது. அம்மீன் கரு பளிங்குபோல ஊடுருவித் தெரிவதாகலின், குழாய்கள் கிளைப்பதை நுணுக்குக்காட்டியிற் கண்ணாற் காணலாம். ஆனால் 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, எலும்பு மெலிந்து முறிந்த எலிகளில் நாரிஞ்சின் புதிய குழாய்களை வளர்த்து முறிவு பொருந்த உதவிற்று எனக் கூறுகின்றது. ஒரே குடும்பத்துப் பொருள்கள் ஓரிடத்துத் தடுக்கின்றன, பிறிதோரிடத்து வளர்க்கின்றன. இதனை முரண் எனக் கருதற்க. இரண்டும் வெவ்வேறு வாக்கியங்கள். நாம்தாம் அவற்றின் உறுப்புக்களை அறுத்தெறிந்து ஒன்றோடொன்று மோதவிடுகின்றோம்.

வாக்கியத்தின் உறுப்புக்கள் எவை? தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஒரு தொழில் நிகழ்தற்கு வேண்டும் முதனிலைகள் எட்டென வகுத்தார். தொழில், அதனைச் செய்வோன், செய்யப்படும் பொருள், நிகழும் இடம், நிகழும் காலம், துணைசெய்யும் கருவி, யார்பொருட்டு, என்ன பயன் கருதி என அவற்றை நாம் இக்காலத்து உரைநடையிற் சொல்லலாம். இவ்வெட்டினையும் மாணவர் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். இவற்றை ஒரு நாளேனும் ஒரு செய்தித்தாளின்மேல் வைத்துப் பார்த்ததுண்டா? ‘தடுக்கும்’ என்னும் முற்றினை இப்போது அவ்வாறு வினவுவாம்.

செய்வது யாது? ‘எலுமிச்சை’ என்பது விடையாகாது. நொபிலெற்றின் பெரும்பாலும் தோடையினச் சிலவற்றின் தோலில் உள்ளது. தேசிக்காயைப் பிழிந்து விதை நீக்கிச் சர்க்கரை கலந்து குடிப்பார்க்கு அது கிட்டுவதன்று. எசுப்பெரிடின் சாற்றிலும் உண்டு, வெண்பகுதியில் மிகுதி. கனி வேறு, கனியின் கூறு வேறு.

நிகழ்ந்த இடம் யாது? கண்ணாடித் தட்டு, மீனின் கரு, எலி, மனிதர் என இடம் நான்கு. தட்டில் உள்ள கலத்திற்கு ஈரலும் இல்லை, குடலும் இல்லை. மனிதர் உண்ட எசுப்பெரிடினோ சிறுகுடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. அது பெருங்குடலை அடைந்து, ஆங்குள்ள பற்றீரியங்களால் உடைக்கப்பட்டு, எசுப்பெரெற்றினாகி உட்புகுந்து, குடற்சுவரிலும் ஈரலிலும் உருமாறிய பின்னரே குருதியிற் பெரும்பாலும் உலவுகின்றது. தட்டில் ஊற்றப்பட்டதும் குருதியை அடைந்ததும் உருவத்தாற்கூட ஒன்றல்ல.

அளவு யாது? ஒரு லீற்றர் தோடம்பழச் சாற்றினைக் குடித்தவரின் குருதியில் அப்பொருளின் உச்ச அளவு லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மைக்குரோமோலே. ஆய்வுத் தட்டுக்களில் ஊற்றப்படுவதோ பெரும்பாலும் அதனிற் பல மடங்கு. அவ்வளவினைக் குடித்தே எய்துவேன் என்பார் கிணற்றளவு சாறு குடித்தல் வேண்டும்.

காலம் யாது, யார்பொருட்டு, என்ன பயன் கருதி? மீனின் கருவுக்கு நாட்கணக்கு. மனிதர் நோய்க்கு ஆண்டுக்கணக்கு. தடுப்பது உண்மையிலேயே வலிதாயின், கருவுற்றாளுக்கும், அறுவை செய்துகொண்டவர்க்கும், காற்புண் ஆறாத நீரிழிவாளர்க்கும் அது நன்மையாகுமா? ‘தடுக்கும்’ என்று ஆரவாரிப்போர் இவ்வினாவை எழுப்புவதேயில்லை. எல்லார்க்கும் எக்காலத்தும் தடுக்கும் என்பது உண்மையாயின், அப்பழத்தை ஊறுகாயிட்டு நாள்தோறும் உண்ணும் நம் குடியில் ஒருவர்க்கும் புண் ஆறியிராது.

இவ்வாறு கூறுவதால் இப்பழங்களுக்கும் குருதிக்குழாய்களுக்கும் தொடர்பே இல்லை என்பது கருத்தன்று. தொடர்பு பழையது, பெருமைக்கும் உரியது. 1747ஆம் ஆண்டு மே மாதத்திற் சாலிசுபரி என்னும் கப்பலில் இயேமிசு இலிண்டு என்னும் மருத்துவர், ஈறு வீங்கிக் குருதி கசிந்து மெலிந்த பன்னிரு கப்பலோட்டிகளை இருவர் இருவராகப் பிரித்தார். எல்லார்க்கும் உணவு ஒன்றே. ஓர் இணையினர்க்கு வினாகிரி, ஓர் இணையினர்க்குக் கடல்நீர் என வெவ்வேறு பொருள் கொடுத்து, ஓர் இணையினர்க்கு மட்டும் நாள்தோறும் இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சம்பழமும் கொடுத்தார். ஆறு நாளுக்குள் அவ்விருவருள் ஒருவர் பணிக்கு மீண்டார். பழத்திலுள்ள விற்றமின் ‘சி’ இல்லாவிடிற் குழாய்ச் சுவரைத் தாங்கும் கொலாசன் என்னும் புரதம் உறுதிபெறாது என்பது பிற்காலத்து விளங்கிற்று. இங்கே செய்வது, இடம், காலம், அளவு, யார்பொருட்டு என்பன எல்லாம் உள. வாக்கியம் முற்றியுள்ளது.

பின்னர் 1936இல் அங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பெர்ட் செந்து-யோர்யி, எலுமிச்சையினின்றும் எடுத்த பிளவனொயிட்டுக் கலவை நுண்குழாய்களின் கசிவினைக் குறைக்கின்றது எனக் கண்டு, அதற்கு விற்றமின் ‘பி’ எனப் பெயரிட்டார். ஊடுபுகவிடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. இன்று நாம் அறியும் விற்றமின் பி தொகுதியின் எழுத்து வேறு. அடுத்த ஆண்டே அவர் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் அப்பொருள் விற்றமினுக்குரிய இலக்கணத்துள் அடங்கவில்லை. ஆகவே 1950ஆம் ஆண்டளவில் அறிஞர்கள் அப்பெயரைக் கைவிட்டனர். பரிசு பெற்றவர் இட்ட பெயராயினும் சான்று போதாதாயின் நீக்குதல் அறிவியலின் ஒழுக்கம். இன்றும் எசுப்பெரிடினை டயொசுமினுடன் சேர்த்துச் செய்த குளிகைகளை மூலநோய்க்கும் கால் நாளத் தளர்ச்சிக்கும் மருத்துவர் கொடுக்கின்றனர். அக்குளிகையில் டயொசுமின் 450 மில்லிகிராம், எசுப்பெரிடின் 50 மில்லிகிராம் என எழுதியிருக்கும். 2011இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்றில், உடற்பருமன் சற்று மிக்க 24 ஆடவர் நான்கு வாரம் நாள்தோறும் அரை லீற்றர் தோடம்பழச் சாறு குடித்தபோது அவர்தம் குருதியழுத்தத்தின் கீழளவு சிறிது குறைந்தது. இவையெல்லாம் இருக்கும் குழாய்களின் நலம் பற்றியன. புதுக்குழாய் வளர்ச்சியைத் தடுத்துப் புற்றினை ஒழிப்பது பற்றியன அல்ல. இரண்டினையும் ஒன்றாக்குதலே மயக்கம்.

இம்மயக்கத்தாற் கேடு யாது எனின், உயிர்க்கேடே. மார்பகத்திற் சிறு கட்டி கண்ட பெண்ணொருவர், கத்திக்கும் கதிருக்கும் அஞ்சி, தேசிச்சாறு தடுக்கும் என்று எழுதியதை நம்பி ஆறு திங்கள் இருந்துவிடுவாராயின், அவ்வாறு திங்களை மீட்டுத்தர எவராலும் இயலாது. தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை உண்டு. அதற்காகத் தென்முனையாகிய தெய்வேந்திரமுனையினின்றும் பருத்தித்துறை வரை 2011இற் பலர் நடந்து பொருள் திரட்டினர். இத்துணை முயற்சியால் எழுந்த வாயிலை நோயாளி காலத்தோடு சென்று அடையாதபடி ஒரு வினைமுற்று வழிமறித்து நிற்பதைப் பொறுத்தல் ஆகாது.

மற்றோர் இடரும் உண்டு. பம்பளிமாசின் உறவாகிய கிறேப் பழத்தின் சாறு சில மருந்துகளைக் குருதியில் அளவுக்கு மீறி மிகுவிக்கும் என்பது 1989இற் கனடாவில் தற்செயலாக அறியப்பட்டது. மதுவின் சுவையை மறைப்பதற்காக ஆய்விற் கலந்த சாறே அவ்விளைவுக்குக் காரணமாயிற்று. குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியத்தை அப்பழத்திலுள்ள வேறொரு பொருள் முடக்கிவிடுகின்றது. பம்பளிமாசிலும் அவ்வினப் பொருள் உண்டு. குருதியழுத்தம், கொழுப்பு, புற்று ஆகியவற்றுக்குரிய மருந்துகளுட் சில இவ்வாறு பாதிக்கப்படும். இயற்கைப் பொருளாதலின் தீங்கில்லை என்பார் இதனை உளங்கொள்க. தம் மருந்தோடு இப்பழம் ஒக்குமோ என மருத்துவரை வினவுதலே நெறி.

நம் மரபு இயற்கையைக் கண்மூடிப் போற்றிற்று என்பாரும் உளர். அது மரபினை அறியாதார் கூற்று. யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் மருத்துவ நூல்களின் மரபிற் பயின்ற வைத்தியர் ஒருவர் வெறுமனே ‘தேசிக்காய் நல்லது’ என்று கூறிப் போகார். எந்நோய்க்கு, எவ்வளவு, எதனோடு, எவ்வேளையில், எத்தனை நாள், என்ன பத்தியம் என்பன சொல்லுவார். அனுபானமும் பத்தியமும் சொல்லப்படாத மருந்து மருந்தாகாது என்பது அவர்தம் கொள்கை. வள்ளுவரும் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயரேனும் கூறாது, உணவின் அளவினையும் நோயாளியின் நிலையினையும் காலத்தினையுமே கூறிப் போந்தார். கைத்தொலைபேசிச் செய்தி ஆய்வுகூடத்திற்கும் மாறானது. அகத்தியர் வழி வந்தோர்க்கும் மாறானது.

இத்துணை நுட்பத்தைத் தமிழிற் சொல்லல் இயலுமோ என்று ஐயுறுவோர் மானிப்பாயை நினைக்க. 1847இல் அமெரிக்காவினின்றும் இங்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், ஆங்கில மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மாணவரோடிருந்து கலைச்சொற்களை ஆக்கினார். இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. உடலின் ஒவ்வொரு நரம்புக்கும் நாளத்துக்கும் தமிழிற் பெயர் தேடிய அம்மனிதர் இந்நாட்டில் வாழ்ந்து நூற்றைம்பது ஆண்டு கழிந்த பின்னர், ‘எலியில்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்து எழுதத் தமிழில் இடமில்லை என்பது நகைப்பிற்குரியது. இடம் உண்டு, மனமே இல்லை.

பொதுமக்களுக்கு இத்துணை நுணுக்கம் வேண்டுமோ என்பது மற்றொரு தடை. வேண்டும், அவர் அதற்குப் பழகியவரே. புதிய வெங்காய விதை நல்ல விளைச்சல் தரும் என்று ஒருவர் சொன்னால், உரும்பராய் விவசாயி உடனே நம்பிவிடுவாரா? எந்த மண்ணில் விளைந்தது, செம்பாட்டுக்கு ஆகுமா, எந்தப் போகம், எத்தனை இறைப்பு என்று கேட்ட பின்னரே காசை அவிழ்ப்பார். விதைக்குக் கேட்கும் வினாக்களை உயிருக்குக் கேட்கலாகாதா?

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழில் முதனிலை எட்டினையும் கற்பிக்கும் நாளில், மாணவர் தத்தம் இல்லத்துக்கு வந்த மருத்துவச் செய்தி ஒன்றை எழுதிவரச் செய்க. எட்டு வினாவையும் அதனிடம் கேட்கச் செய்க. விடையில்லாத இடத்தைச் சிவப்பு மையாற் குறிக்கச் செய்க. பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தார் ‘கூடும்’ என்று எழுதியதைத் தமிழிற் ‘செய்யும்’ என்று முடிக்கற்க. எவ்விடத்து, எவ்வுயிரில் என்பன தலைப்பிலேயே வருக.

நாம் தொடங்கிய வாக்கியத்தை இனி இவ்வாறு எழுதலாம்: “தோடையினப் பழத்தோலிலுள்ள நொபிலெற்றின் என்னும் பொருள், ஆய்வுகூடத்தில் வளர்த்த மீன் கருக்களிற் புதிய குருதிக்குழாய்களின் வளர்ச்சியைக் குறைத்தது என 2011இல் ஆய்வாளர் வெளியிட்டனர், பழத்தை உண்பதால் மனிதர்தம் புற்றுநோய் நீங்கும் என்பது இதனாற் பெறப்படாது.” வாக்கியம் நீளமானதே. கைத்தொலைபேசியில் விரைந்து ஓடாததே. ஆயினும் இதனைப் படித்த நோயாளி, தேசிக்காய்த் தண்ணீரையும் குடித்து, தெல்லிப்பழைக்கும் காலத்தோடு செல்வார்.